மெனுவில் மூன்றாவது

எங்கள் முதலாளிக்குக் கோபம் வந்தால் தமிழ் வரும். சந்தோஷம் வந்தால் தெலுங்கு வரும். ராஜபாளையத்தில் அவருடைய பேண்டேஜ் கம்பெனி ஆபீசில் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்து நான் கண்டுபிடித்தது இது. வீட்டில் தெலுங்கு பேசுகிற மனிதர், ஆபீசில் எல்லோரிடமும் தமிழ்தான் பேசுவார். ஆனால் மனசு நிறைந்துபோனால் அவரை அறியாமல் "பாகுந்தி" என்று வாயிலிருந்து விழுந்துவிடும், நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். புதுத் தறி ஒன்று முதல் நாளே இடறாமல் ஓடியபோது அந்தத் தறியைப் பார்த்துச் சொன்னார். மழைக்கு முன்னால் பஞ்சு மூட்டைகளைக் கொண்டுவந்து சேர்த்த லாரி டிரைவரிடம் சொன்னார். என்னிடம் சொன்னதே இல்லை. "சரிம்மா", "ஆகட்டும்மா", அவ்வளவுதான். நல்ல வேலைக்காரி என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஒரு வார்த்தை எனக்கு வேண்டியிருந்தது.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர். தினமும் காலையில் பஸ் ஏறி ராஜபாளையம் போய் சாயங்காலம் திரும்புகிறவள். என் வேலை, எங்களிடம் பேண்டேஜும் காஸ் துணியும் பஞ்சு ரோலும் வாங்குகிற ஆஸ்பத்திரிகள், மெடிக்கல் கடைகள் எல்லாவற்றின் விவரத்தையும் வைத்திருப்பது. முன்பு தடிமனான நோட்டுகளில் இருந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் முதலாளி யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு சிஆர்எம் சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டார். வாடிக்கையாளர் சம்பந்தப்பட்ட எல்லாம் அதில் இருக்கும், சேல்ஸ்மேன்கள் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். வெளியூரிலிருந்து ஒருவர் வந்து இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார். இரண்டாவது நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பில் தூங்காமல் இருந்தவள் நான் ஒருத்திதான். அதனால் அட்மின் பாஸ்வேர்டு என் கையில் வந்தது.

திரையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு வரிசை இருக்கும். லீட்ஸ், கான்டாக்ட்ஸ், அக்கவுண்ட்ஸ், டீல்ஸ், ஃபோர்காஸ்ட்ஸ், கேம்பெயின்ஸ். எங்களுக்குத் தெரிந்த கேம்பெயின் தேர்தலுக்கு ஆட்டோவில் மைக் கட்டி வருவது. எங்கள் ஆறு சேல்ஸ்மேன்களும் அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். எங்கள் பக்கம் சரக்கு விற்கப் போகிறவர்களுக்கு லைன்தான் கணக்கு. சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று ஒரே ரோட்டில் வருவதெல்லாம் தென்காசி லைன். அது வெள்ளிக்கிழமை. கோவில்பட்டி லைன் புதன். அந்த இடது ஓர வரிசையில் லைனும் இல்லை, கிழமையும் இல்லை.

ஆகவே அவர்கள் எனக்குப் போன் போட்டார்கள். "அக்கா, போன தடவ இவிய எம்புட்டு ரோல் எடுத்தாவ?" "அக்கா, லாரி சாமான் வந்து சேரலன்னு கத்துதாருக்கா." நான் முதலில் கேட்பது "எந்த லைன்ல இருக்க?" என்றுதான். பிறகு போன தடவை எடுத்ததைச் சொல்வேன். பிறகு அங்கே யாரைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்வேன். அதுதான் முக்கியம். சின்ன ஆஸ்பத்திரிகளில் டாக்டரைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. ஒரு இடத்தில் மருந்து ஸ்டோர் பார்க்கிறவர், ஒரு இடத்தில் மூத்த நர்ஸ், ஒரு இடத்தில் டாக்டர் வீட்டு அம்மா. அவரிடம் எதைப் பற்றிப் பேச்சை ஆரம்பிக்க வேண்டும் என்பதுவரை சொல்லுவேன்.

பஸ்ஸிலும் போன் அடிக்கும், சாப்பிடும்போதும் அடிக்கும். "ஒரு நா ஒன் போன் அடிக்கலன்னா ஒனக்குச் சோறு எறங்காது" என்பார் என் வீட்டுக்காரர். எரிச்சல்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நான் போனை எடுப்பேன். உள்ளுக்குள் எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்று அவருக்கும் தெரியும். செங்கோட்டைப் பக்கம் போய்வருகிறவர் பலாச்சுளை வாங்கிவந்து என் மேஜையில்தான் வைப்பார்.

போன வருடம் அவள் வந்து சேர்ந்தாள். மம்சாபுரத்துப் பெண், கல்யாணம் ஆகவில்லை, அப்பா கூலி வேலை. விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு என்று எடுத்தார்கள். வந்த நாலாம் நாள், என் பின்னால் நின்று என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "அக்கா, இந்த வரிசைய நம்ம இஷ்டத்துக்கு மாத்தலாமேக்கா. செட்டிங்ஸ்ல போனா மேல கீழ இழுத்துப் போடலாம். வேண்டாதத மறைக்கலாம். பேரக்கூட தமிழ்ல வைக்கலாம்."

மூன்று வருடம் நான் அதைச் சுவரில் பதித்த கல் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். அட்மின் நான். பாஸ்வேர்டு என்னுடையது. அது நகரும் என்று எனக்குத் தெரியாது.

"தெரியும்" என்றேன். "நான்தான் வேணாம்னு விட்டு வச்சிருக்கேன்."

அவள் நம்பினாளோ என்னவோ, தலையை ஆட்டினாள். ஆனால் பக்கத்தில் முதலாளி நின்றுகொண்டிருந்தார். மாற்றலாம் என்றால் மாற்றிப் பார்க்கலாமே என்றார். அவளையே செய்யச் சொன்னார். அவள் கணக்குக்கு அந்த அனுமதியை நான்தான் போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. போட்டுக் கொடுத்தேன். என் கையாலேயே.

அடுத்த இரண்டு வாரம் அவள் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். "செத்த நேரம் இங்ஙன இருந்துக்கிடுதேன்க்கா, நீங்க ஒங்க வேலையப் பாருங்க" என்பாள். எனக்குப் போன் வரும்போதெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எதையோ எழுதிக்கொள்வாள். என் தப்பைத்தான் எழுதுகிறாள் என்று எனக்கு நிச்சயம். வயிறு எரிந்தது. அவளுக்கு ஜடை நன்றாக இருந்தது, அதற்கும் எரிந்தது. கீபோர்டைப் பார்க்காமல் டைப் அடித்தாள், அதற்கும். மத்தியானம் அவள் கொண்டுவருகிற கத்திரிக்காய்க் குழம்பை ஆபீசே வாசம் பிடித்தது. ஒரு கரண்டி போட்டுக்கொள்ளச் சொன்னாள். வயிறு சரியில்லை என்றேன். பொய்யும் இல்லை. மூன்றாம் நாள் என் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டேன், அவளுக்கு என் முதுகு மட்டும் தெரிகிற மாதிரி.

பிறகு அவள் தன் இடத்துக்குப் போய் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்காகப் போன் போட ஆரம்பித்தாள். தினமும் இருபது முப்பது. இதற்கெல்லாம் எதற்குப் போன், என்னைக் கேட்டால் சொல்லிவிட மாட்டேனா என்று இருந்தது. ஆனால் அவள் கேட்டால் சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம். அந்த நாட்களில் ஒருநாள் சாயங்காலம் அவள் என் மேஜைப் பக்கம் வந்து நின்றாள். "அக்கா, ஒரு சங்கதி" என்றாள். "வேல இருக்கு. பொறவு வா" என்றேன், திரும்பாமலே. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள். பொறவு அவளும் வரவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை அந்தப் புது வரிசை எல்லோர் போனிலும் வந்தது. திங்கள் காலையில் ஆறு சேல்ஸ்மேன்களும் ஆபீசில் கூடிவிட்டுத்தான் லைனுக்குப் போவார்கள். அவள் பெரிய திரையில் காட்டினாள். லீட்ஸ் இல்லை, டீல்ஸ் இல்லை. முதலாவது, இன்னைக்கு லைன். அதை அமுக்கினால் அன்றைய ரோட்டில் இருக்கிற ஆஸ்பத்திரிகள், ஊர் வரிசைப்படி. இரண்டாவது, போன தடவை எடுத்தது. மூன்றாவது, யாரைப் பார்க்கணும். நாலாவது, லாரி எங்கே. ஐந்தாவது, குறை. ஆங்கிலத்தில் இருந்தது எல்லாம் அடியில் 'மத்தது' என்ற ஒன்றுக்குள் போய்ச் சுருண்டு கிடந்தது.

"எப்படிம்மா யோசிச்ச?" என்று கேட்டார் முதலாளி.

"நான் ஒண்ணும் யோசிக்கல சார். போன் வந்தா அக்கா எந்த வரிசையில பேசுதாகளோ, அத அப்படியே வச்சிருக்கேன்" என்றாள்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நியாயப்படி எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் வாயைப் பிடுங்கி அதற்குள் வைத்துவிட்டாள், இனி நான் எதற்கு என்றுதான் இருந்தது. முதலாளி மட்டும் என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"பாகுந்தம்மா" என்றார். "சால பாகுந்தி."

இரண்டு தடவை.

அந்த வாரம் என் போன் அடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனை மடியிலேயே வைத்திருந்தேன். சைலன்டில் கிடக்கிறதோ என்று பார்த்தேன். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் போனிலிருந்து என் போனுக்கு அடித்துப் பார்த்தேன். நன்றாக அடித்தது. "எதுக்குட்டி நீயே ஒனக்குப் போன் போடுத?" என்றார் அவர். டவர் பார்த்தேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. சேல்ஸ்மேன்கள் முன்போலவே "என்னக்கா நல்லாருக்கீகளா" என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு அவள் மேஜைக்குப் போனார்கள், அங்கே இன்னொரு பட்டன் வைக்க முடியுமா என்று கேட்க. பலாச்சுளை இப்போது இரண்டு பங்காக வந்தது. பெரிய பங்கு யாருடையது என்று நான் பார்த்தேன். சமமாகத்தான் இருந்தது, அதுவும் பிடிக்கவில்லை.

அவள் ஒரு வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் லீவு போட்டாள். அக்கா பிள்ளைக்கு முடி எடுக்கிறார்கள், அய்யனார் கோவிலுக்குப் போகிறோம் என்றாள். வெள்ளிக்கிழமை காலையில் ஆபீசில் உட்கார்ந்தேன். அவள் நாற்காலி காலி. செட்டிங்ஸுக்குப் போனேன். சேல்ஸ்மேன்களுக்கான வரிசை வந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்னதாக ஒரு கண் படம். கண்ணை அமுக்கினால் அந்த இனம் மறைந்துவிடும். அழியாது, மறையும், அவ்வளவுதான். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் என்னுடையது என்று ஒன்று இருக்குமானால் அது மூன்றாவதுதான். யாரைப் பார்க்கணும். அதன் கண்ணை அமுக்கினேன்.

பதினொரு மணிக்கு என் போன் அடித்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சேல்ஸ்மேன் ஒருவர். "அக்கா, அந்த மூணாவத காணலியே, இங்கன யாரப் பாக்கணும்?" நான் கடகடவென்று சொன்னேன். அடுத்தது அருப்புக்கோட்டையிலிருந்து வந்தது. அப்புறம் தென்காசி லைன். அந்த லைனில் முன்பு இருந்தவர் வேறு பக்கம் மாறி, அந்த வாரம்தான் இவர் புதிதாகப் போயிருந்தார். ஐம்பது வயதுக்காரர், என்னை அக்கா என்று கூப்பிடுவது மரியாதைக்கு. புளியங்குடி தாண்டி ஒரு சின்ன ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு கேட்டார்.

"அங்ஙன டாக்டரைப் பாக்காதிய" என்றேன். "டாக்டர் வீட்டு அம்மாதான் எல்லாம். எட்டு வருசமா எங்கிட்டதான் பேசுவாவ. மகளுக்கு மாப்பிள பாத்துக்கிட்டிருந்தாவ. கல்யாணம் கூடிருச்சாம்மான்னு கேளுங்க, மொகமெல்லாம் மலந்துரும். பொறவு ஆர்டர் தானா வரும்."

போனை வைத்துவிட்டு டீ வாங்கிவரச் சொல்லிக் குடித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு டீ ருசித்தது.

அரை மணி நேரத்தில் அவரே மறுபடி அழைத்தார். குரல் சரியில்லை. "அக்கா, அந்தம்மா செத்துப்போய் ரெண்டு மாசம் ஆகுதாம்க்கா."

அவரே சொன்னார். "உள்ள டாக்டர் மட்டும் இருந்தாரு. அம்மா இருக்காவளா சார், மக கல்யாணம் கூடிருச்சான்னு சிரிச்சிக்கிட்டே கேட்டுட்டேன். மனுசன் பேனாவ வச்சிட்டு என்னையே பாத்தாரு. இல்லப்பா, ரெண்டும் இல்லன்னாரு. நான் அப்படியே வந்துட்டேன். ஆர்டரெல்லாம் கேக்கல."

மறைத்ததைத் திறந்து அந்த ஆஸ்பத்திரியைத் தேடினேன். அவள் எழுதியிருந்தாள்: 'அம்மா தவறிட்டாங்க. இப்ப டாக்டரே பாக்கிறார். மகள் கல்யாணம் தள்ளிப் போயிருக்கு. வீட்டு விஷயம் எதுவும் கேட்க வேண்டாம். சாமான் விவரம் மட்டும் பேசணும்.' எழுதிய தேதி இரண்டு மாதத்துக்கு முந்தியது.

அந்த அம்மாவை நான் பார்த்ததே கிடையாது. குரல்தான் தெரியும். போனை எடுத்ததும் "சாப்ட்டியாத்தா" என்றுதான் ஆரம்பிப்பார்கள். எட்டு வருடம். அவர்கள் செத்தது எனக்குத் தெரியவில்லை. என் போன் அடிக்காததை எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, அவர்களிடமிருந்தும் போன் வரவில்லையே என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. கண்ணை அமுக்கி மூன்றாவதைத் திரும்ப வரவைத்தேன். அன்று மட்டும் இல்லை, சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை கூட்டத்தில் தென்காசி லைன்காரர் நடந்ததைச் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. "வெள்ளிக்கிழம அந்த மூணாவது மெனுவுலயே இல்ல சார். தெரியாமக் கேட்டுட்டேன்" என்றார். முதலாளி அவள் பக்கம் திரும்பினார். தமிழில் ஆரம்பித்தார். பொறுப்பு என்றார், செத்த வீட்டில் போய்ச் சிரிக்கிற கம்பெனி என்று பேர் வாங்கவா இதெல்லாம் என்றார், லீவு போடுகிறவள் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போக வேண்டாமா என்றார். அவள் எழுந்து நின்று கேட்டுக்கொண்டாள். மொட்டை போட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலையடிவாரத்தில் நடந்தவள், காதோரம் வெயிலில் கறுத்திருந்தது. "என்னன்னு பாக்கேன் சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து எதையோ திறந்தாள்.

யார் எந்த மாற்றம் செய்தார்கள் என்ற பட்டியல் அதற்குள் இருக்கிறது. அதுவும் எனக்குத் தெரியாது. என் இடத்திலிருந்து பார்த்தபோது அவள் திரையில் வெள்ளிக்கிழமை தேதி தெரிந்தது. பக்கத்தில் என் பெயர். மறைத்ததற்கு ஒரு தடவை, திறந்ததற்கு ஒரு தடவை.

அவள் வாயைத் திறக்கும் முன்னால் நான் எழுந்தேன். நல்லவள் என்பதால் இல்லை. அவள் வாயால் வருவதைவிட என் வாயால் வரட்டும் என்றுதான். "சார், அவ இல்ல. நான்தான் மறைச்சேன்" என்றேன்.

முதலாளி என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். அவர் முகம் இளகியது. சின்னப் பெண் திட்டு வாங்குகிறாளே என்று பழியை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று நினைத்துவிட்டார். பன்னிரண்டு வருடத்தில் ஒரு தப்பும் செய்யாதவள் என்று அவருக்கு என்னைப் பற்றி ஒரு எண்ணம்.

"மஞ்சி மனசம்மா" என்றார். நல்ல மனசு என்று அர்த்தம். பன்னிரண்டு வருடத்தில் அந்த அளவுக்குத் தெலுங்கு எனக்கு வரும். "மீ மாதிரி ஆளு ஒண்ணு இருந்தா போதும்" என்று, 'உங்களை மாதிரி' என்பதைத் தெலுங்கும் தமிழுமாகக் கலந்து சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

'இல்லை சார், நிஜமாகவே நான்தான்' என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். அவர் அறைக் கதவு மூடுவதற்கு நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை. அந்த வார்த்தை அப்போதுதான் காதில் விழுந்திருந்தது, அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

சேல்ஸ்மேன்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அவள் அந்தப் பட்டியலை மூடினாள். இந்தத் தடவை நாற்காலியை நான்தான் அவள் பக்கம் திருப்பினேன். அவள் திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அன்னைக்கு ஒரு சங்கதின்னு வந்தேன்லக்கா. அந்தம்மா தவறுனத ஒங்ககிட்ட முதல்ல சொல்லணும்னுதான் வந்தேன். டாக்டர்தான் சொன்னாரு, ராஜபாளையத்துல ஒரு பொண்ணு எப்பவும் பேசும், அதுகிட்டச் சொல்லிருன்னு அந்தம்மா சொல்லிட்டுப் போனாவளாம்."

என் காதில் அப்போதும் முதலாளியின் தெலுங்குதான் கேட்டுக்கொண்டிருந்தது. இனிப்பாகத்தான் இருந்தது.